கடைக்குள் திடீரென ஒலிக்கும் பழைய பாட்டு: உங்களுக்கும் கால் நின்றுவிடுகிறதா?

சாளரக்காற்று எழுதியது:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி இது. கைபேசியில் எந்தப் பழைய பாட்டையும் நினைத்த நேரத்தில் கேட்கலாம், கேட்கவும் செய்கிறேன். ஆனால் அதே பாட்டு ஒரு 24 மணி நேரக் கடையில், நான் பாட்டுக்கு பேட்டரியோ செல்லோடேப்போ தேடிக்கொண்டிருக்கும்போது கூரையிலிருந்து வந்தால் கால் அப்படியே நின்றுவிடுகிறது. வீட்டில் அப்படி நின்றதே இல்லை. ஏன்?

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்பதைக் கவனித்த பிறகுதான் எழுதத் தோன்றியது. போன வாரம் ஒரு கடையில் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஒருவர் ரேக் முன்னால் நின்றார், ஐம்பது வயது இருக்கும். ஒரு பசை டப்பாவைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். படித்துக்கொண்டிருந்தார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன், ஆனால் கண் ஒரே இடத்தில் நின்றது, கட்டைவிரல் மட்டும் டப்பாவின் விளிம்பில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. மேலே சரணம் ஓடிக்கொண்டிருந்தது. கவுன்ட்டரில் யாருக்கோ பில் போடும் பீப் சத்தம் பாட்டின் தாளத்துக்குக் குறுக்கே விழுந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார், டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தார், வேறொன்றை எடுத்துக்கொண்டு போனார். பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு அந்தப் பாட்டு என்னுடையதாகவும் ஆகிவிட்டது.

இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள் அந்த மாதிரிக் கடையில் நிறைய நடக்கின்றன. யாரும் அங்கே பார்ப்பதற்கென்று போவதில்லை, அதனாலேயே பார்க்க நிறைய இருக்கிறது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள், காரணம் தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள்.

ரீவைண்ட் எழுதியது:

எனக்கும் இதே கதைதான். இன்னொன்றும் உண்டு. பாட்டின் பெயர் ஞாபகம் வருவதற்கு முன்பே ஏதோ ஒன்று வந்துவிடுகிறது. முன்னிசையின் முதல் சத்தம், அந்த கிட்டார் ஒரு இழுப்பு இழுத்தவுடனே வயிற்றில் ஒரு மாதிரி ஆகிறது. என்ன பாட்டு, எந்த வருஷம், யார் பாடியது எல்லாம் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கும்போதுதான் மெதுவாக வருகிறது. உடம்புக்கு முதலில் தெரிந்து மண்டைக்கு அப்புறம்தான் தெரிகிறது. இது எப்படி?

ஏடு எழுதியது:

ரீவைண்ட், நீங்கள் சொல்வது மிகை இல்லை. 1999-இல் ஷெல்லன்பெர்க் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்த ஐந்து பாடல்களிலிருந்து மிகச் சிறிய துண்டுகளை வெட்டிக் கேட்க வைத்து, எது எந்தப் பாட்டு என்று பெயரோடு பொருத்தச் சொன்னார்கள். துண்டின் நீளம் 0.1 வினாடி அல்லது 0.2 வினாடி, அவ்வளவுதான். அதில் மெட்டு இருக்க வாய்ப்பே இல்லை, ஒரு சுரம் முடியவே நேரம் போதாது. இருந்தும் குருட்டாம்போக்கில் சொன்னால் வருவதைவிட அதிகமாகவே சரியாகச் சொன்னார்கள். நாம் அடையாளம் காண்பது மெட்டை மட்டுமல்ல, ஒலியின் நிறத்தை. அந்த வாத்தியம், அந்த ஸ்டுடியோ, அந்த எதிரொலி.

நினைவு வருவது பற்றி பெட்ர் யனாட்டா என்ற ஆய்வாளர் செய்தது இன்னும் சுவாரஸ்யம். கல்லூரி மாணவர்களை உட்கார வைத்து, அவர்கள் சிறுவர்களாகவும் பதின்வயதிலும் இருந்த காலத்தின் பிரபலப் பாடல்களைத் துண்டு துண்டாக ஒலிக்கவிட்டார். சராசரியாக நூற்றுக்கு முப்பது பாடல்கள் சொந்த வாழ்க்கையின் ஏதாவது ஒரு நினைவைக் கிளப்பின. 2009-இல் மூளை ஸ்கேனோடு செய்தபோது, நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதியில் இருக்கும் ஓர் இடம் இந்த வேலையைச் செய்வதைக் கண்டார். அல்சைமர் நோயில் கடைசியாகச் சுருங்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. பேரனின் பெயர் மறந்த பாட்டிகூட ஒரு பாட்டைச் சேர்ந்து பாடுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

ஆனால் சாளரக்காற்று கேட்ட கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை. வீட்டில் நாமே போட்டால் ஏன் அப்படி நடப்பதில்லை? என் எண்ணம் இது. நாமே தேடிப் போடும்போது, என்ன வரப்போகிறது என்று முன்பே தெரிந்துவிடுகிறது. பாட்டுக்கு முன்னால் நினைவு போய் வாசலில் நின்றுவிடுகிறது. கடையில் அந்த முன்னறிவிப்பு கிடையாது.

கேள்விக்குறி எழுதியது:

எல்லோரும் உருகுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. அந்தப் பாட்டு அங்கே சும்மா வரவில்லை நண்பர்களே. ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்து, காசு கொடுத்துப் போடுவது அது.

இந்தத் தொழிலே நூறு வருஷத்துப் பழையது. ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி கம்பி வழியாக இசையை அனுப்பும் முறையைக் கண்டுபிடித்தார், 1934-இல் அதற்கு மியூசாக் என்று பெயர் வைத்தார். பிறகு அந்த நிறுவனம் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்றே ஒரு திட்டம் போட்டது. பதினைந்து நிமிஷத் தொகுப்பு, அதற்குள் வேகமும் துள்ளலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், பிறகு சிறிது நேரம் மௌனம். வேலை செய்பவன் சோர்ந்துவிடாமல் ஓட வேண்டும் என்பதற்காக.

கடைக்கு வருவோம். 1982-இல் ரொனால்ட் மில்லிமன் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் மெதுவான இசையையும் வேகமான இசையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். மெதுவான இசை ஓடியபோது மக்கள் மெதுவாக நடந்தார்கள், விற்பனை சுமார் 38 சதவீதம் அதிகமாக இருந்தது. உங்கள் கால் நின்றதே, அந்த நிற்றலுக்குத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டே ரசித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சாளரக்காற்று எழுதியது:

கேள்விக்குறி, சொன்னது எல்லாமே சரி, தெரிந்துகொள்ள வேண்டியதும்கூட. ஒன்றை மட்டும் யோசியுங்கள். அந்த ஆய்வு நடந்தது சூப்பர்மார்க்கெட்டில், தள்ளுவண்டியோடு வீட்டுக்கு வேண்டியதை எல்லாம் அள்ளிப்போகும் இடத்தில். அங்கே பத்து நிமிஷம் கூடுதலாக நின்றால் வண்டியில் நாலு சாமான் கூடும். நான் பேசுவது ஒரு பொருளுக்காக உள்ளே போய் உடனே வெளியே வரும் கடை. ஒரு பாட்டு முடிவதற்குள் நம் வேலை முடிந்துவிடும்.

எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பழைய இசைத்தட்டில், நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்து அங்குலத் தட்டில், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் பிடிக்கும். பாட்டு என்றால் மூன்று நாலு நிமிஷம் என்று நம் காதுக்குப் பழகியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கடைக்குள் நாம் இருக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இரண்டும் ஒரே நொடியில் தொடங்குவதில்லையே. பாதிப் பாட்டில் நுழைவோம், அடுத்த பாட்டின் பல்லவியில் வெளியே வருவோம். முழுதாக எதையும் கேட்பதே இல்லை. பல்லவி முடியும் இடத்தில் கதவு மூடிக்கொள்ளும், தெரு இரைச்சல் வந்துவிடும், மிச்சத்தை நாமே பாடிக்கொண்டு போக வேண்டியதுதான். அந்த மிச்சம்தான் சாயங்காலம் வரை கூட வருகிறது.

ஏடு எழுதியது:

மிச்சம் பற்றிச் சொன்னதால் ஒரு சின்னக் குறிப்பு. பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள்தான் முடிந்த வேலைகளைவிட நன்றாக ஞாபகம் இருக்கும் என்று ப்ளூமா ஸைகர்னிக் என்ற உளவியலாளர் 1927-இலேயே எழுதினார். பிற்பாடு திரும்பச் செய்தவர்களுக்கு எல்லாம் அதே முடிவு வரவில்லை, அதனால் இதை ஒரு விதி மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

இரவுப்பணி எழுதியது:

வாசித்துக்கொண்டு மட்டும் போகலாம் என்றுதான் வந்தேன், ஆனால் இந்த இழையில் கவுன்ட்டருக்கு உள்பக்கம் நிற்பவர் யாரும் பேசவில்லை. நான் பல வருஷமாக இப்படிப்பட்ட கடைகளில் வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். கடை எது என்று சொல்லப்போவதில்லை.

முதலில் கசப்பைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு பாட்டின் பாதியைக் கேட்டுவிட்டுப் போகிறீர்கள். நாங்கள் அதே பாட்டை ஒரே ஷிஃப்ட்டில் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். பட்டியல் தலைமை அலுவலகத்திலிருந்து வரும், ஒரு சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. நடுவில் சலுகை அறிவிப்பு, அதுவும் அதே குரல். பண்டிகை மாதம் வந்தால் பட்டியல் இன்னும் சுருங்கிவிடும். அப்பா எனக்கு டேப்பில் போட்டுக்காட்டிய ஒரு பாட்டு, எனக்கு அவ்வளவு பிடிக்கும், அது பட்டியலில் சேர்ந்த அன்று சந்தோஷப்பட்டேன். ஒரு மாதத்தில் அதைக் கேட்டால் தரை துடைக்கும் மருந்து வாசனைதான் வந்தது. அப்பா வரவில்லை. இப்போது அந்தப் பாட்டை வீட்டில் யாரும் போட விடுவதில்லை. வேலையை விட்ட பிறகு ஒருநாள் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நல்லது. குளிர்பானம் அடுக்கியிருக்கும் பெரிய ஃபிரிட்ஜ் பார்த்திருப்பீர்கள், பல கதவு வைத்தது. பல கடைகளில் அதற்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு, ஆள் உள்ளே போய் நிற்கலாம். சரக்கைப் பின்பக்கத்திலிருந்துதான் ஏற்றுவோம். சாய்வான தட்டு, பின்னால் வைத்தால் முன்னால் நகர்ந்து வரும், அதனால் பழைய சரக்கு தானாக முதலில் போய்விடும். உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கும்போது, பாட்டில்களின் இடைவெளி வழியாக உங்கள் முகம் எனக்குத் தெரியும். என்னை உங்களுக்குத் தெரியாது. கண்ணாடியில் வெளிச்சம், உள்ளே இருட்டு.

அங்கேதான் மனிதர்கள் பாடுவார்கள். கடையில் வேறு எங்கும் பாடமாட்டார்கள், ஃபிரிட்ஜ் முன்னால் பாடுவார்கள். மோட்டார் சத்தத்தில் தன் குரல் யாருக்கும் கேட்காது என்ற தைரியம் போலிருக்கிறது. ஒரு ராத்திரி, ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் என்று உடையைப் பார்த்தால் தெரிந்தது, ஒரு அம்மா கதவைத் திறந்து பிடித்தபடி ஒரு சரணம் முழுவதையும் பாடினார். சுதி சுத்தமாக இருந்தது. மேல்ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் நிறுத்திக்கொண்டார், மூச்சு விட்டார், ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தார். நான் கையில் இருந்த அட்டைப்பெட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றேன், சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று. பிறகு கவுன்ட்டருக்குப் போய் அவருக்கு நானே பில் போட்டேன். இருவரும் வழக்கம்போல் நன்றி சொல்லிக்கொண்டோம்.

எனக்கு இந்த வேலையில் பிடித்தது இதுதான், கேள்விக்குறி அண்ணா. காசு கொடுத்துப் போடுகிறார்கள் என்பது உண்மை. அந்த அம்மா பாடியதை எந்த அலுவலகமும் திட்டம் போடவில்லை.

ரீவைண்ட் எழுதியது:

இரவுப்பணி, இதைப் படித்ததும் பதில் எழுத வார்த்தை வரவில்லை. நன்றி.

ஒலிச்சுருள் எழுதியது:

கடைகளுக்கும் ஹால்களுக்கும் ஸ்பீக்கர் மாட்டும் தொழில் என்னுடையது, வயதில் உங்களில் பலருக்கு மூத்தவனாக இருப்பேன். கால் ஏன் நிற்கிறது என்பதற்கு என் பக்கத்திலிருந்து ஒரு காரணம் சொல்கிறேன், இதை யாரும் யோசித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கடையின் கூரையில் இருக்கும் ஸ்பீக்கர்கள் வீட்டு ஸ்டீரியோ மாதிரி இல்லை. 100 வோல்ட் லைன் என்று சொல்வோம், அமெரிக்காவில் 70 வோல்ட். ஒரே ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரே ஒரு ஜோடி கம்பி கூரை முழுக்க ஓடும், ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரோடு அதில் தொங்கும். ஆம்ப்ளிஃபையரின் சக்தி தாங்கும் வரை ஸ்பீக்கர்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம், தூரம் போனாலும் பெரிய இழப்பு இல்லை. ஆனால் விலை ஒன்று கொடுக்கிறோம். இடது வலது என்று இரண்டு சானல் அங்கே பெரும்பாலும் கிடையாது, எல்லாம் மோனோவாகச் சேர்ந்துவிடும். அடிமட்டச் சத்தத்தை நாங்களே வெட்டிவிடுவோம், இல்லாவிட்டால் அந்தச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் திணறும். மிஞ்சுவது நடுப்பகுதி. மனிதக் குரல் இருக்கும் பகுதி.

இப்போது பாட்டைப் பாருங்கள். ஸ்டீரியோவை மோனோவாகச் சேர்க்கும்போது இரு பக்கமும் சமமாக இருக்கும் குரல் தூக்கலாக வரும், பக்கவாட்டில் விரித்து வைத்த சங்கதிகள் அமுங்கும், சில ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமலே போகும். இப்போதைய பாடல்களில் பாதி அழகு அந்த விரிப்பிலும் அடிமட்ட பேஸிலும்தான் இருக்கிறது, அது கடையில் செத்துவிடும். பழைய பாடல்களில் பல மோனோவிலேயே பதிவானவை. அவற்றுக்கு இழக்க ஒன்றுமில்லை. குரல் முன்னால், தாளம் பின்னால், எல்லாம் ஒரே இடத்திலிருந்து.

அந்தப் பாட்டை நீங்கள் முதல்முதலாக எதில் கேட்டீர்கள்? சின்ன டிரான்சிஸ்டரில், ஒரே ஸ்பீக்கர் வைத்த டேப் ரெக்கார்டரில், பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக. பேஸ் இல்லாமல், மோனோவில், கொஞ்சம் தூரத்தில். கைபேசியும் நல்ல ஹெட்போனும் உங்களுக்குத் தருவது அந்த ஒலியை அல்ல, ஸ்டுடியோவில் பதிவானதை. துல்லியமாக இருக்கும், ஆனால் நீங்கள் வளர்ந்த ஒலி அது இல்லை. கடையின் கூரைதான் பழைய ரேடியோ மாதிரியே ஒலிக்கிறது. ஏடு சொன்ன அந்த 0.1 வினாடியில் உங்கள் காது பிடித்துக்கொள்வது இதைத்தான் என்பது என் நம்பிக்கை. பரிசோதனைக்கூடத்தில் நிரூபிக்க என்னால் ஆகாது, ஆனால் பல கடைகளில் ஏணி மேல் நின்று டெஸ்ட் பண்ணும்போது கீழே நிற்பவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். புதுப் பாட்டைப் போட்டால் தலை நிமிராது. பழையதைப் போட்டால் ஒருவராவது நிமிர்வார்.

இன்னொன்று. கடைக்குள் நடக்கும்போது கவனியுங்கள், பாட்டு கிட்டே வரும், விலகும், மறுபடி வரும். ஒரு ஸ்பீக்கரின் அடியிலிருந்து அடுத்ததன் அடிக்குப் போகிறீர்கள். ஃபிரிட்ஜ் ஓரத்தில் கம்ப்ரசர் ரீங்காரம் கீழ்ப்பகுதியை மூடிவிடும், குரல் மட்டும் அதன் மேல் மிதக்கும். அந்த அம்மா அங்கே நின்று பாடியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், இரவுப்பணி தம்பி.

கேள்விக்குறி எழுதியது:

ஐயா, இது நான் எதிர்பார்க்காத கோணம். மனசார ஏற்றுக்கொள்கிறேன்.

என் கவலை முழுக்கப் போய்விடவில்லை. இங்கிலாந்தில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் ஏட்ரியன் நார்த் குழுவினர் பிரெஞ்சு இசையையும் ஜெர்மன் இசையையும் நாள் மாற்றி நாள் போட்டார்கள், 1997-இல் அதை வெளியிட்டார்கள். பிரெஞ்சு இசை ஓடிய நாளில் பிரெஞ்சு ஒயின் அதிகம் போனது, ஜெர்மன் இசை ஓடிய நாளில் ஜெர்மன் ஒயின். வாங்கியவர்களைக் கேட்டால் பெரும்பாலோர் இசைக்கும் தாங்கள் வாங்கியதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள். தெரியாமல் நடப்பதுதான் எனக்குப் பயம். அந்த அம்மா சரணம் பாடியதில் எனக்கு எந்தப் பயமும் இல்லை, அவருக்குத் தெரிந்தே பாடினார்.

பின்னிருக்கை எழுதியது:

நான் இங்கே எல்லோரையும்விடச் சின்னவள் போலிருக்கிறது, கல்லூரி இரண்டாம் வருடம். எனக்கு ஒரு குழப்பம், கேட்கலாமா?

நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னால் வந்த பாட்டு கடையில் ஓடினாலும் எனக்கும் அதே மாதிரி ஆகிறது. ஏக்கம் என்றால் நாம் வாழ்ந்த காலத்தை நினைத்துத்தானே வர வேண்டும்? எனக்கு அந்தக் காலமே கிடையாது. ஆனால் அந்த ஆர்கன் சத்தம் கேட்டதும் காரின் பின்சீட்டில் தூக்கக் கலக்கத்தில் படுத்திருப்பது மாதிரி இருக்கும், முன்னால் அம்மாவும் அப்பாவும் மெதுவாகப் பேசிக்கொண்டு வருவார்கள், என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது, ஜன்னலில் தெருவிளக்கு வந்து வந்து போகும். தோழிகளிடம் சொன்னால் பழைய பாட்டு கேட்பது இப்போது ஃபேஷன், அதனால் உனக்கு அப்படித் தோன்றுகிறது என்கிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது, ஏனென்றால் நான் நடிக்கவில்லை.

ஏடு எழுதியது:

நீங்கள் நடிக்கவில்லை, பின்னிருக்கை. இதற்கென்றே ஓர் ஆய்வு இருக்கிறது. 2013-இல் கரோல் குரும்ஹான்சலும் ஜஸ்டின் ஸூப்னிக்கும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்களுக்குப் பல பத்தாண்டுகளின் பிரபலப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் வளர்ந்த காலத்துப் பாடல்களோடு நெருக்கம் இருந்தது, அது எதிர்பார்த்ததே. ஆனால் 1980-களின் தொடக்கத்துப் பாடல்களிலும் நினைவும் பிடிப்பும் கூடின. அவர்களுடைய பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலம் அது. 1960-களிலும் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது, அது தாத்தா பாட்டி வழியாக வந்திருக்கலாம் என்றார்கள்.

பொதுவாக மனிதர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான காலம்தான் மற்ற வயதைவிட அதிகம் நினைவில் தங்கும். உங்கள் அம்மா அப்பா தங்கள் அந்தக் காலத்தைக் காரில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள், நீங்கள் பின்னால் படுத்தபடி அதை வாங்கிக்கொண்டீர்கள். வீட்டில் கேட்ட பாட்டு உங்கள் குழந்தைப்பருவமும்தான். உங்களுக்கு அந்தக் காலம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

பின்னிருக்கை எழுதியது:

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அந்த கேசட் இன்னும் பெட்டியில் இருக்கிறதாம், போட மெஷின்தான் இல்லை.

ஒலிச்சுருள் எழுதியது:

மெஷின் கிடைத்தால் அவசரப்பட்டு உடனே போட்டுவிடாதீர்கள் அம்மா. முதலில் வெளியிலிருந்து பாருங்கள், நாடா மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள், அது ஹெட்டையும் கெடுக்கும், மற்ற கேசட்டுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால் பாட்டைப் போடாமலே ஒரு பக்கம் முழுதும் வேகமாகச் சுற்றவிட்டு மறுபடி பின்னால் சுற்றி எடுங்கள், நாடா தளரும். உள்ளே இருக்கும் அந்தக் குட்டி பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தால் சத்தம் மங்கலாக வரும், அதை மாற்றிவிடலாம். முதல் தடவை ஓடும்போதே கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள், இரண்டாம் தடவை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

ரீவைண்ட் எழுதியது:

கேசட் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் கேமார்ட் என்று பெரிய கடைத்தொடர் இருந்தது. 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் அங்கே வேலை பார்த்த ஒருவர், கடைக்குள் ஓடவிடுவதற்காகத் தலைமையிலிருந்து வந்த கேசட்டுகளைத் தூக்கியெறியாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். 2015-இல் எல்லாவற்றையும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் ஏற்றிவிட்டார். வாத்திய இசை, நடுவில் சலுகை அறிவிப்பு, மறுபடி இசை. அங்கே போய் வாசகர்கள் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன் என்று எழுதுகிறார்கள், விளம்பர அறிவிப்பைக் கேட்டு. இரவுப்பணிக்கு அலுப்புத் தரும் அதே குரல் யாருக்கோ ஒருநாள் அப்படி ஆகும்.

ஜப்பானில் ஃபேமிலிமார்ட் கடைகளின் கதவு திறந்ததும் ஒரு சின்ன மெட்டு வரும். அது கடைக்கென்று போட்டதே இல்லை, 1978-இல் இனாடா யசுஷி என்ற இசையமைப்பாளர் கதவு மணிக்காகப் போட்டுக்கொடுத்தது. இன்று அதை பியானோவில் வாசிக்கிறார்கள், ஆர்க்கெஸ்ட்ராவாக விரித்து வாசிக்கிறார்கள். சில நொடி மெட்டு, யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை, எல்லோருக்கும் மனப்பாடம். பாட்டுக்கு மட்டும்தான் ஏக்கம் ஒட்டும் என்று நினைக்கிறோம், ஸ்கேனர் பீப்புக்குக்கூட ஒட்டும். 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை முதல்முதலாக பார்கோடை ஸ்கேனரில் படித்துப் பில் போட்டார்கள். அதற்கு முன் வளர்ந்தவர்களுக்குக் கல்லாப்பெட்டியின் கணீர்தான் கடைச் சத்தம்.

சாளரக்காற்று எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒலிச்சுருள் ஐயா சொன்னதை நேற்றே செய்து பார்த்தேன், ஸ்பீக்கரின் நேர் அடியில் ஒருமுறை, ஃபிரிட்ஜ் ஓரத்தில் ஒருமுறை நின்று கேட்டேன். அவர் சொன்னது அப்படியே இருக்கிறது, ஃபிரிட்ஜ் பக்கம் குரல் தனியாக நிற்கிறது. கூடவே, பழைய பாட்டொன்றை வீட்டில் ஹெட்போன் இல்லாமல், கைபேசியை அடுக்களை மேடையில் வைத்துவிட்டு அடுத்த அறையிலிருந்து கேட்டேன். முன்பைவிட எவ்வளவோ கிட்டே வந்தது. ஆனாலும் கடை அளவுக்கு இல்லை, ஏனென்றால் போட்டது நான்தானே, ஏடு சொன்னது அங்கே சரியாக இருக்கிறது.

இரவுப்பணியிடம் ஒரு கேள்வி. பிடித்த பாட்டு ஓடும்போது கவுன்ட்டரில் இருப்பவரிடம் கொஞ்சம் சத்தம் கூட்டச் சொல்லிக் கேட்கலாமா? தொந்தரவாக இருக்குமோ என்று ஒவ்வொரு தடவையும் வாய் வரை வந்து நின்றுவிடுகிறது. அது என்ன பாட்டு என்று கேட்டால் உங்களுக்குத் தெரியுமா?

இரவுப்பணி எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள். வரிசையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள், அவ்வளவுதான். எங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் சத்தத்தைக் கூட்டும் குறைக்கும் திருகு மட்டுமே, சில கடைகளில் அதையும் பூட்டி வைத்திருப்பார்கள். பாட்டை மாற்றச் சொன்னால் முடியாது. சொந்தக் கைபேசியைச் சொருகிப் போடவும் கூடாது, பொது இடத்தில் ஒலிபரப்ப உரிமம் வேறு, நாம் மாதச் சந்தா கட்டும் கணக்கு அதற்குச் செல்லாது.

பெயர் கேட்டால் சில சமயம் தெரியும், சில சமயம் எந்தத் திரையிலும் வராது. அப்போது மணியைக் குறித்துக்கொண்டு போங்கள், கூடவே காதில் விழுந்த ஒரு வரியை எழுதிக்கொள்ளுங்கள், மெட்டை முணுமுணுத்துத் தேடுவதைவிட வரியை வைத்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். எங்கள் கடையில் ஒரு பெரியவர் அப்படித்தான் பழைய ரசீதின் பின்பக்கம் பேனா வாங்கி எழுதிக்கொண்டு போவார். மறுநாள் வந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று எந்தப் பாட்டு, எந்த வருஷம் என்று எனக்கும் சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்ன பாடல்கள் மட்டும் எத்தனை தடவை ஓடினாலும் எனக்கு அலுக்கவில்லை.